அளவு தெரியாமல் ஆக்கிய சோறு

தஞ்சாவூர்
25.11.2024

அன்புள்ள தமிழ்நிலாவுக்கு,

மர்யம் அக்கா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். நீயும் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் உங்க சாரிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். வார இதழ்களையும் பொட்டலம் மடித்த தாள்களையும் படித்துப் படித்து வளர்த்துக்கொண்ட எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

தீபாவளி லீவு முடிந்து நீ பல்கலைக்கழகத்துக்கே வரவில்லை என்று அவர் சொன்னார். உடம்புக்கு ஏதாவதா? அவரிடம் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்த முதல் பெண் நீ. உன் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்க அவருக்கு ஒரு மாதிரியாக இருக்கிறதாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவருக்குக் கட்டித்தரும் கேரியர் இப்போதெல்லாம் பாதிச் சோற்றோடு திரும்புகிறது. "எங்க வீட்டுல அளவு தெரியாம ஆக்கிட்டாங்க, வாங்க, வீணாப் போயிடும்" என்று அவர் கூப்பிட்டால் நீங்கள் மூன்று பேரும் வந்து உட்காருவீர்களே, மற்ற இரண்டு பெண்களும்கூட இப்போது வருவதில்லையாம். என் கையில் உப்பு கூடிவிட்டதா? காரமா? நான் அளவு தெரியாதவள் என்று பேர் வாங்கினவள்தான், கூச்சப்படாமல் எழுது.

மழை விடாமல் பெய்கிறது. நனையாதே.

உன் நலம் நாடும்,
மர்யம்

*

பூதலூர் வட்டம்
10.12.2024

மதிப்பிற்குரிய மர்யம் அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் சாரும் நலம்தானே?

கடிதம் கிடைத்தது. எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வந்தால் பேங்க் நோட்டீஸாகத்தான் இருக்கும். உங்கள் எழுத்தைப் பார்த்து அம்மா பயந்தே விட்டாள்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் சமையலில் எந்தக் குறையும் கிடையாது. வீட்டில் வேலை இருக்கிறது, அவ்வளவுதான். சம்பாப் பயிரில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. அப்பாவும் நானும் வரப்பை வெட்டிவிட்டு வடிய வைத்துக்கொண்டிருக்கிறோம். வாய்க்கால் பராமரிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் ஒரு வாய்க்காலையாவது தூர்வாரிப் பார்க்க வேண்டாமா என்று அப்பா கேலி செய்கிறார்.

சாரை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வை. தமிழ்நிலா

*

தஞ்சாவூர்
18.12.2024

அன்புள்ள நிலாவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் கண்டதும் பெரிய பாரம் இறங்கினது போலிருந்தது. வயலில் தண்ணீர் வடிந்துவிட்டதா?

உங்க சார் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான். பிப்ரவரியில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். துறையின் செயல்பாட்டு அறிக்கை அவர் பொறுப்பு. எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு, எத்தனை மரக்கன்று என்று எதைச் செய்தாலும் எண்ணிக்கை வேண்டும், ஆதாரம் வேண்டும். அந்தி மஃரிப் தொழுதுவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் காது கேட்பதில்லை. ஒரு சந்தோஷமான சேதி: அந்த அறிக்கையில் உன் பேரும் வந்திருக்கிறதாம். "நல்ல இடத்துல போட்டிருக்கேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் ஆறுமாத முன்னேற்ற அறிக்கையை மார்ச் 28க்குள் ஆய்வுக் குழு முன்னால் நீ கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும் என்று சொல்லச் சொன்னார். வேலை முடிந்ததும் வந்துவிடு. இவ்வளவு தூரம் படித்துவிட்டு நிற்கக் கூடாது.

அம்மாவுக்கு என் அன்பு.
மர்யம்

*

தஞ்சாவூர்
22.1.2025

அன்புள்ள நிலாவுக்கு,

நாங்கள் சுகம். பொங்கல் நல்லபடியாக நடந்திருக்கும். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அறுப்பு வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

இதை உங்க சார் எழுதச் சொன்னார். பிப்ரவரி 20ஆம் தேதி வியாழக்கிழமை குழு துறைக்கு வருகிறது. அறிக்கையில் பேர் வந்த மாணவிகளோடு பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் நீ வந்துவிட்டுப் போனால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். போக வர அவரே ஏற்பாடு செய்வாராம்.

எனக்கும் உன்னைப் பார்த்தாற்போல் இருக்கும். வருவாய்தானே?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மர்யம்

*

பூதலூர் வட்டம்
30.1.2025

மர்யம் அக்காவுக்கு,

நலம். அறுப்பு முடிந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலாகக் கிடக்கிறது. அப்பா பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிறார்.

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் கடைசிக் கடிதத்துக்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. சார் என் பேரைப் போட்ட நல்ல இடத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். 'சிறந்த நடைமுறை: பசியில்லாத் துறை. பொருளாதாரத்தில் நலிந்த மாணவியரின் பசியைப் போக்கும் முன்மாதிரித் திட்டம். வழங்கப்பட்ட உணவு 214 நாட்கள்.' கீழே பயனாளிகள் பட்டியல். நான் இரண்டாம் எண். த/பெ வைரக்கண்ணு, விவசாயக் கூலி. பக்கத்தில் நான் வாயில் சோற்றை வைத்திருக்கும் படம், தேதி, நேரம், இடக்குறியோடு. சும்மா ஞாபகத்துக்கு என்று சொல்லித்தான் சார் எடுத்தார்.

தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். பெரியப்பா மகன் நெடுஞ்செழியன் அண்ணன், "நம்ம தங்கச்சி பேரு நெட்டுல வருதா பாப்போம்" என்று போனை எடுத்தது. வந்தது. பல்கலைக்கழக இணையதளத்திலிருந்த இந்தப் பக்கத்தை, என்னவென்று புரிவதற்கு முன்னாலேயே சத்தம் போட்டுப் பாதி படித்துவிட்டது.

நான் கேன்டீனில் சாப்பிடுகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஆறரை ரயிலுக்கு நான் கிளம்பும்போது எங்கள் வீட்டில் உலை வைத்திருக்காது. அம்மா வேலைக்குப் போயிருப்பாள். அப்பா எழுந்து வயலுக்குப் போனார். அன்றைக்கு வயலில் எந்த வேலையும் இல்லை.

நீங்கள் அளவு தெரியாமல் ஆக்குகிறீர்கள் என்று நம்பினேன். அளவு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இப்போது வரச்சொல்வதும் குழு வருகிறது என்பதற்காகத்தானே, அக்கா? படத்தில் இருக்கிறவளை நேரில் காட்டத்தானே?

நான் வரவில்லை. படிப்பு போதும் என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

தமிழ்நிலா

*

தஞ்சாவூர்
3.2.2025

நிலாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. அல்லாஹ் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

அந்தத் தாளை இப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இது சத்தியம். ஆனால் 214 என்ற எண்ணைக் கொடுத்தது நான்தான். செப்டம்பரில் ஒரு சாயங்காலம், "எத்தனை நாள் கேரியர் அனுப்பியிருப்பே?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக் கணக்கை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்துபோய், கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆமாம், எனக்கு அளவு தெரியும். மூன்று பேருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அளந்துதான் உலையில் போட்டேன். கொடுப்பதை மறைத்துக் கொடு என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் அளவு தெரியாதவளாக இருந்தேன். உனக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். நாம் இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டிருக்கலாம்.

அவரிடம் கேட்டேன். "ஒவ்வொரு துறையும் ஒரு சிறந்த நடைமுறை காட்டியே ஆகணும். பேரு போடலைன்னா ஆதாரம் எங்கேன்னு திருப்பி அனுப்புறாங்க. நம்மகிட்ட வேற என்ன இருக்கு?" என்றார். வீட்டு அடுப்பையா கொண்டுபோய்க் காட்டினீங்க என்று கேட்டேன். நான் அவரிடம் அப்படிப் பேசினதே இல்லை. அதற்கு அவர், "அந்தப் பொண்ணுக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

20ஆம் தேதி நீ வர வேண்டாம். யார் கூப்பிட்டாலும் வராதே. உன் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு இப்போது முகமில்லை.

மர்யம்

*

தஞ்சாவூர்
24.2.2025

அன்புள்ள நிலாவுக்கு,

சுகமா? அப்பாவின் நெல் போட்டாயிற்றா?

நீ பதில் எழுதவில்லை. எழுதுவாய் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

குழு வந்துவிட்டுப் போனது. உங்க சார் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். துறைக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டார்களாம். குழுத் தலைவர் வடக்கேயிருந்து வந்தவர், நல்ல திட்டம், நிதி எங்கேயிருந்து வருகிறது, பயனாளிகள் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவர் எழுந்து நின்று, "அப்படி ஒரு திட்டமே இல்லீங்க. எங்க வீட்டுல அளவு தெரியாம ஆக்கிடறாங்க, அவ்வளவுதான்" என்றாராம். யாரோ சிரித்துவிட்டார்களாம். தலைவர் சிரிக்கவில்லை. அப்போ இந்தப் படம் என்ன என்று கேட்டிருக்கிறார். "நான் எடுத்திருக்கக் கூடாத படம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். துறைக்கு அந்த இடத்தில் மதிப்பெண் இல்லை. துறைத்தலைவர் இவரோடு பேசுவதில்லை. அறிக்கைப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தாயிற்று. நான் அவரை மெச்சவும் இல்லை, திட்டவும் இல்லை. அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சுட்டேன்.

மார்ச் 28 மாறவில்லை. உன்னை வா என்று நான் சொல்ல மாட்டேன். தேதியை மட்டும் எழுதுகிறேன்.

மர்யம்

*

பூதலூர் வட்டம்
4.3.2025

மர்யம் அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமா? நெல் போட்டாயிற்று.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சார் எழுந்து நின்றதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஒன்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அந்தம்மா சோத்தை நாம தெரியாம சாப்பிட்டுட்டோம். அவங்க இங்க வந்து ஒரு வேளை தெரிஞ்சே சாப்பிடட்டும். அப்புறம் நீ போறதைப் பத்திப் பேசுவோம்."

வருகிற 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வர முடியுமா? நீங்கள் மட்டும். சார் வேண்டாம். நீங்கள் வெளியில் கறி சாப்பிட மாட்டீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் குளம் வற்றுகிறது, விரால் மீன் கிடைக்கும். புதுச் சட்டியில் வைக்கிறாளாம்.

நான் அந்த நேரம் இருக்க மாட்டேன். உளுந்துச் செடி பிடுங்க ஆள் பேசியிருக்கிறது, நானும் போக வேண்டும். நான் எதிரில் இருந்தால் உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். நாலு மணி வாக்கில் வந்துவிடுவேன்.

தமிழ்நிலா

*

தஞ்சாவூர்
8.3.2025

அன்புள்ள நிலாவுக்கு,

சுகம். 16ஆம் தேதி மதியம் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். அம்மாவை அதிகம் மெனக்கெட வேண்டாம் என்று சொல்.

மர்யம்

*

தஞ்சாவூர்
17.3.2025

அன்புள்ள நிலாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எல்லாரும் சுகமாக இருங்கள்.

நீ வயலிலிருந்து வந்தபோது இலை போட்டபடியும் சோறு மூடினபடியும் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் திகைத்தாய். அங்கே வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நீ வருவதற்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன்.

உன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே கூட்டிப்போய்ப் பாய் போட்டு, இலை போட்டு, தண்ணீர் தெளித்தார். மீன் குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்திருக்கும். அப்போதுதான் நான் நோன்பு என்று சொன்னேன். ரமலான் பிறந்து இரண்டு வாரமாகிறது. உன் கடிதத்துக்குப் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்படி எழுதினால், உங்கள் வீட்டில் சாப்பிடாமல் இருக்க ஒரு சாக்கு என்று படுமோ என்று கை நின்றுவிட்டது. உங்கள் தெருவுக்கு வந்து வயிறு சரியில்லை, விரதம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நோன்பை விடவும் மனசு வரவில்லை, வராமல் இருக்கவும் மனசு வரவில்லை.

"சூரியன் அடையற வரைக்கும் இங்கேயே இருக்கேன். இந்தச் சோத்துலதான் நோன்பு திறப்பேன்" என்றேன்.

அம்மா கையில் அகப்பையோடு அப்படியே நின்றார். அப்பா கை கழுவிவிட்டு வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "தண்ணி?" என்று கேட்டார். தண்ணியும் கிடையாது என்றேன். "எச்சி முழுங்கலாமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது முழுங்கலாம் என்றேன். "அப்ப சரி" என்று சுவரோரம் உட்கார்ந்தார். காலையில் ஒரு சொம்பு நீராகாரத்தோடு போன மனுஷன், நீயாவது சாப்பிடு என்று அம்மா அதட்டினார். "வந்தவங்க பட்டினியா இருக்க நான் மட்டும் திங்கறதா? மூடி வை காத்தாயி" என்றார். அம்மாவும் சாப்பிடவில்லை.

தொழ வேண்டும் என்றேன். அம்மா வெளுத்த சேலை ஒன்றை விரித்தார். மேற்கு எது என்று கேட்டதற்கு, வாய்க்கால் தண்ணீர் வருகிற பக்கம் என்று அப்பா கை காட்டினார்.

தொழுது முடித்துத் திரும்பினேன். அப்பா துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேக்கணும். ஒன்றரை வருஷமா எம் பொண்ணு மத்தியானத்துல என்ன சாப்பிட்டான்னு எனக்குத் தெரியாது. சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். திங்கட்கிழமை சாம்பார், பெரும்பாலும் அவரைக்காய். வெள்ளிக்கிழமை தேங்காய்ச் சோறு. கத்தரிக்காய் வைத்தால் அந்த அடுக்கு அப்படியே திரும்பும். முட்டைக் குழம்பு என்றால் வழித்துத் துடைத்த மாதிரி வரும். அடைமழையில் மிளகு ரசம் தனியாக ஒரு தூக்கில். உனக்கு அம்மை போட்டு எழுந்து வந்த சமயம் பத்து நாளும் காரமில்லாமல். மாசம் மாசமாகச் சொல்லிக்கொண்டே போனேன். போதும் என்று அவர் சொல்லவே இல்லை. கத்தரிக்காய் உனக்குச் சின்னதிலிருந்தே ஆகாது என்றார் அம்மா. "முட்டைக் குழம்புல உருளைக்கிழங்கு போடுவீங்களா?" என்று அப்பா கேட்டார். போடுவேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் சொன்னார்: "கூலின்னு போட்டது பெரிசில்லம்மா. கூலிக்குப் போனவன்தான் நான். இன்னிக்கு ஒரு ஏக்கர் எம் பேர்ல பட்டா இருக்கு, அது வேற. எம் பொண்ணு பசியோட உக்காந்திருந்தது ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலையே."

அம்மா எழுந்துபோய் அடுப்புச் சாம்பலைத் தள்ளினார். பிறகு நீ வந்தாய். மற்றதெல்லாம் நீ பார்த்ததுதான்.

அம்மாவின் மீன் குழம்புக்குப் புளி கரைக்கும் பக்குவத்தைக் கேட்டு எழுது.

உன்
மர்யம் அக்கா

*

பூதலூர் வட்டம்
20.3.2025

அன்புள்ள மர்யம் அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நோன்பு நல்லபடியாகப் போகட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். பழம்புளியாம், முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டாம் தண்ணீரில் கரைக்க வேண்டுமாம்.

நீங்கள் போன மறுநாள் அப்பா பூதலூர் கடைத்தெருவிலிருந்து முட்டை வாங்கி வந்தார். உருளைக்கிழங்கு போட்டு வை என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படி வைத்ததே இல்லை. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கை கழுவினபிறகு, "திங்கக்கிழமை போ" என்றார்.

24ஆம் தேதி வருகிறேன். முன்னேற்ற அறிக்கையை எழுதிவிட்டேன். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுவருவேன். அதற்கு நீங்கள் வருத்தப்படக் கூடாது.

சாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்பு, கின்னிப்பு என்று அவர் எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். ஆகஸ்டு மாதம் என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தை அவரிடம் கொடுத்தேன். "அறிக்கை முடியட்டும், பார்க்கிறேன்" என்றார். நான் எத்தனை நாள் சாப்பிட்டேன் என்று கேட்டு வாங்கி எழுதினவருக்கு நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்க நேரமில்லை. தினமும் அவர் கூப்பிடும்போது இன்றைக்காவது அதைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்துத்தான் எழுந்து வருவேன், அக்கா. சோறு அதற்கு அப்புறம்தான்.

திங்கட்கிழமைக்குள் படித்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தமிழ்நிலா

*

தஞ்சாவூர்
22.3.2025

அன்புள்ள நிலாவுக்கு,

இது உன் கைக்கு வருமுன்னே நீ இங்கே வந்துவிடலாம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உன் கடிதத்தை அப்படியே அவர் முன்னால் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார். எழுந்துபோய் அலமாரியில் பழைய அறிக்கைக் கட்டுகளையெல்லாம் இறக்கிப்போட்டுத் தேடி, அடியிலிருந்து உன் அத்தியாயத்தை எடுத்தார். கிளிப் துருப்பிடித்து முதல் தாளில் கறை ஏறியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது பதினேழாம் பக்கத்தில் இருக்கிறார். ஓரமெல்லாம் பென்சிலால் ஏதோ எழுதுகிறார். நடுவில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "மர்யம், இந்தப் பொண்ணு எப்போ இவ்வளவு நல்லா எழுத ஆரம்பிச்சா?" என்று கேட்டார்.

அதை அவர் உன்னிடமே கேட்கட்டும்.

மர்யம்